காய்ச்சலுக்கும் ரீடிங் எடுப்போம்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "நீ இன்ஸ்ட்ருமென்டேஷன்தானே, சென்சார், கன்ட்ரோலர்னு ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்றார்கள். நண்பர்களே, அதைத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் இந்தக் கன்ட்ரோலர் நம் லேபில் இல்லை. நம் ஒவ்வொருவர் மூளையின் அடிப்பகுதியிலும் ஒரு பாதாம் பருப்பு அளவில் உட்கார்ந்திருக்கிறது. பெயர் ஹைப்போதலாமஸ். உடம்பின் சூட்டை 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே வைத்திருப்பது அதன் வேலைகளில் ஒன்று.

ஹாஸ்டலில் ஒருவனுக்கு உடம்பு சுட்டால் நாம் என்ன செய்கிறோம்? நெற்றியில் கை வைக்கிறோம். "இன்னாடா, அனலா கொதிக்குது" என்கிறோம். யார் பெட்டியிலாவது கிடக்கும் மாத்திரையைக் கொடுக்கிறோம். மறுநாளும் சுட்டால் ஊருக்கு பஸ் ஏற்றி விடுகிறோம். ஊரில் ஒரு ஊசி. அவ்வளவுதான் நம் வைத்தியம். பெரும்பாலான காய்ச்சல் தானாகவே அடங்கிவிடும் என்பதால், அடங்கியதெல்லாம் நம் வைத்தியத்தால்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். அடங்காத காய்ச்சல்தான் ஆளைச் சாய்க்கிறது. எது அடங்கும், எது அடங்காது என்று முதல் நாளே சொல்ல டாக்டராலும் முடியாது. நாளை எண்ண வேண்டும், கூடவே என்னென்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். லேபில் அரை மணிக்கு ஒரு ரீடிங் எடுத்து அட்டவணை போடத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையில்லை. ஆனால் யாரும் செய்வதில்லை.

செட் பாயின்ட் மாறும் கதை

ஏ.சி. மெஷினில் 24 என்று வைத்தால் அறை 24க்கு வரும். அதையே 28 என்று மாற்றினால் மெஷினில் கோளாறு என்று சொல்வோமா? காய்ச்சலும் அப்படித்தான். கிருமி உள்ளே நுழைந்ததும் நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் சில ரசாயனங்களை வெளியிடுகின்றன. அவற்றின் தூண்டுதலால் மூளையில் ப்ராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாகி, ஹைப்போதலாமஸின் செட் பாயின்ட்டை 37லிருந்து 39க்கு ஏற்றி விடுகிறது. இப்போது உடம்பு 37ல் இருக்கிறது, கன்ட்ரோலர் 39 கேட்கிறது. இரண்டு டிகிரி எரர்! உடனே சூடு உண்டாக்கத் தசைகளை நடுங்க வைக்கிறது. சூடு வெளியே போகாமல் இருக்கத் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதனால்தான் உடம்பு கொதிக்கும்போதே கைகால் சில்லிட்டு, "குளுருது, போர்வை குடு" என்கிறான். 39ஐ எட்டியதும் நடுக்கம் நின்றுவிடும். பிறகு செட் பாயின்ட் பழையபடி இறங்கும்போது கூடுதல் சூட்டை வெளியே தள்ள வேர்க்கிறது.

பாராசிட்டமால் செய்வது என்ன? ப்ராஸ்டாகிளாண்டின் உண்டாவதைக் குறைத்து செட் பாயின்ட்டை இறக்குகிறது. அவ்வளவே. கிருமியை அது தொடுவதுகூட இல்லை. "மாத்திரை போட்டா விடுது, திரும்பவும் வருதே" என்று கவலைப்படுவோர் இதைப் புரிந்துகொண்டால் போதும். மருந்தின் வேகம் நாலைந்து மணி நேரம், கிருமி உள்ளே இருக்கும்வரை செட் பாயின்ட் மறுபடி ஏறத்தான் செய்யும்.

இன்னொன்று. சித்திரை, வைகாசி வெயிலில் வொர்க்‌ஷாப்பிலோ, கட்டட வேலையிலோ, கிரிக்கெட் மைதானத்திலோ ஒருவன் சுருண்டு விழுந்து உடம்பு 40க்கு மேல் கொதித்தால், அது காய்ச்சல் அல்ல. அங்கே செட் பாயின்ட் 37லேயே இருக்கிறது, வெளிச்சூட்டைச் சமாளிக்க முடியாமல் கன்ட்ரோலரே தோற்றுவிட்டது. பாராசிட்டமால் அங்கே பயன்படாது. நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிட வேண்டும். பேச்சு உளறினால் ஒரு நிமிடமும் தாமதம் கூடாது. இதைக் காய்ச்சல் என்று நினைத்துப் போர்த்திப் படுக்க வைத்தால் ஆள் போய்விடுவான்.

கையை எடு, தெர்மாமீட்டரை எடு

19ஆம் நூற்றாண்டின் நடுவில் டாக்டர்கள் வைத்திருந்த தெர்மாமீட்டர் ஓர் அடி நீளம். ரீடிங் காட்ட இருபது நிமிடம் ஆகும். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து டாக்டர் தாமஸ் கிளிஃபோர்ட் ஆல்பட், 1860களில் அதை ஆறு அங்குலமாகக் குறைத்து ஐந்து நிமிடத்தில் காட்டும்படி செய்தார். அதன் பிறகுதான் தெர்மாமீட்டர் டாக்டரின் சட்டைப்பைக்குள் வந்தது. இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒரு நிமிடத்துக்குள் பீப் அடிக்கிறது. ஒரு பிரியாணியின் விலைதான். ஆனால் எங்கள் விங்கில் இருபத்து நான்கு பேருக்கு ஒரு தெர்மாமீட்டர்கூடக் கிடையாது, ப்ளூடூத் ஸ்பீக்கர் ஆறு இருக்கிறது!

வாயில் நாக்குக்கு அடியில் வைத்து 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட் வந்தால் காய்ச்சல். டீ குடித்த கையோடு வைக்காதீர்கள், கால் மணி நேரம் போகட்டும். அக்குளில் வைத்தால் உண்மையைவிட அரை டிகிரி செல்சியஸ் வாக்கில் குறைத்துத்தான் காட்டும். எங்கே வைத்தோம் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் காலை ரீடிங்கையும் மாலை ரீடிங்கையும் ஒப்பிட முடியாது. கொரோனா காலத்தில் வாசலில் நீட்டிய துப்பாக்கித் தெர்மாமீட்டர் தோலின் மேற்பரப்பைத்தான் அளக்கிறது. வெயிலில் நின்று வந்தவனுக்கு ஒன்று காட்டும், முகம் கழுவியவனுக்கு இன்னொன்று காட்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கு நம்பர் மட்டும் ஆபத்தைச் சொல்லாது. 103 காட்டியும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பவன், 100 காட்டிக்கொண்டு கண்ணைத் திறக்காமல் கிடப்பவனைவிட நல்ல நிலையில் இருக்கிறான். ரீடிங் எடுப்பது போக்கைத் தெரிந்துகொள்ளத்தான்.

வீட்டிலும் ஹாஸ்டலிலும்

முதலில் தண்ணீர். சூடு ஏற ஏற மூச்சு வழியாகவும் வேர்வை வழியாகவும் நீர் போகிறது, வாந்தியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பாதிக் காய்ச்சல்காரர்களின் தலைசுற்றலும் சோர்வும் நீர் வற்றியதால்தான் என்பது என் எண்ணம். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, நம் பக்கத்துச் சாமைக் கஞ்சி, ரசம், மோர், இளநீர், எது இறங்குகிறதோ அது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைத்தால் மேலே எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். பாதியைக் கொட்டி ஒரு டம்ளரில் கலக்குவது தவறு. பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. போதுமான நீர் போகிறதா என்பதற்கு மீட்டர் ஒன்று உண்டு: சிறுநீர். நாலைந்து மணிக்கு ஒரு முறையாவது வெளிர் மஞ்சளாகப் போனால் சரி. ஆறு மணி நேரமாகப் போகவே இல்லை என்றால் அதுவே டாக்டரிடம் போக ஒரு காரணம்.

எங்கள் ஆயா காய்ச்சல்காரனுக்குச் சோறு கண்ணில் காட்ட மாட்டார். "லங்கணம் பரம ஔஷதம்" என்பார். பசியில்லாதவனை வற்புறுத்த வேண்டாம் என்கிற மட்டில் ஆயா சொல்வது சரி. பசிக்கிறது என்பவனுக்கு இட்லியோ குழைந்த சோறோ கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் பட்டினியோடு தண்ணீரையும் நிறுத்துவது கூடவே கூடாது.

நடுங்கும்போது போர்த்திக்கொள்ளட்டும், நடுக்கம் நின்று உடம்பு சுட ஆரம்பித்ததும் போர்வையை எடுத்துவிட்டு ஜன்னலைத் திறங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடைப்பது இதமாக இருக்கும். ஐஸ் தண்ணீர் வேண்டாம். தோல் சில்லிட்டால் ரத்தக் குழாய் சுருங்கி, நடுக்கம் கூடி, உள்ளே சூடு ஏறத்தான் செய்யும். கன்ட்ரோலரோடு சண்டை போட்டால் கன்ட்ரோலர்தான் ஜெயிக்கும்.

பாராசிட்டமால் கணக்கைச் சொல்கிறேன், கவனியுங்கள். பெரியவர்களுக்கு 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, குறைந்தது ஆறு மணி இடைவெளி, நாளுக்கு நான்குக்கு மேல் இல்லை. நான்கு போட்டால் 2600 மில்லிகிராம். இதுவரை சரி. ஆனால் மூக்கடைப்பு என்று சளி மாத்திரையும் மூன்று வேளை போடுகிறோம். அட்டையைத் திருப்பிப் படியுங்கள், பலவற்றில் பாராசிட்டமால் 500 இருக்கும். அது ஒரு 1500. மொத்தம் 4100. ஆரோக்கியமான பெரியவருக்கே 24 மணி நேரத்தில் 4000 மில்லிகிராம்தான் எல்லை. தாண்டினால் ஈரல் அடிபடும். அதுவும் அன்றைக்கே தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்துத் தெரியும். க்ரோசின், கால்பால், டோலோ எல்லாம் வேறு வேறு பெயர், சரக்கு ஒன்றுதான். குடிப்பழக்கம் உள்ளவர், ஈரல் நோயுள்ளவர், எடை குறைந்தவர் டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கு எடையை வைத்துத்தான் அளவு, கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் ஒரு வேளைக்குக் கூடாது. சிரப்பில் 120 உண்டு, 250 உண்டு, சொட்டு மருந்து இன்னும் அடர்த்தி. பாட்டில் மாறினால் ஸ்பூன் கணக்கும் மாறும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குச் சுட்டால் வீட்டு வைத்தியமே வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

சிரப் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2025ல் மத்தியப் பிரதேசத்தில் சளி சிரப் குடித்த குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டைஎதிலீன் கிளைகால் என்ற விஷம் கலந்திருந்தது. சாதாரணச் சளிக் காய்ச்சலுக்குச் சின்னக் குழந்தைக்கு சிரப் வாங்கி ஊற்றும் அவசரம் எதற்கு?

நாடாவுக்கு அடியில் இருந்த கறுப்புப் புள்ளி

இனிதான் நம் பகுதிக்கே உரிய விஷயம். ஆலங்காயம் ஜவ்வாது மலையின் அடிவாரம். நம்மில் பலருக்கு மலைமேல் உறவு உண்டு. விறகு, புளி, நெல்லிக்காய், ஆடு மாடு என்று காட்டோரம் போகாத வீடு குறைவு. போகாதவனும் காவலூர் வானாய்வு மையம் பார்க்கப் போனால் புல்தரையில் உட்கார்ந்துதான் கட்டுச்சோறு சாப்பிடுவான்.

என் பெரியம்மா மலையோரக் கிராமத்தில் இருக்கிறார். ஒரு கார்த்திகை மாதம் அவருக்குக் காய்ச்சல். தலைவலி தாங்கவில்லை. பக்கத்தில் ஊசி போடுபவர் ஒருவரிடம் போனார்கள். தினம் ஒரு ஊசி, ஒரு பாட்டில் குளுக்கோஸ், ஆன்டிபயாடிக் என்று ஏதோ மாத்திரை. ஊசி போட்ட நாள் வேர்த்து இறங்கும், ராத்திரி ஏறும். ஐந்து நாள் இப்படியே போயிற்று. ஆறாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வேலூருக்குக் கொண்டு போனோம். அங்கே ஒரு பெண் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, காட்டுப் பக்கம் போனீங்களா?" அடுத்து, திரை போட்டுவிட்டு உச்சி முதல் பாதம் வரை தோலைப் பார்த்தார். இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடத்தில், மிளகைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு கறுத்த பக்கு. சுற்றிலும் சிவப்பு. சிகரெட்டால் சுட்ட மாதிரி. வலியே இல்லை. பெரியம்மா அதை முன்பே பார்த்திருக்கிறார், நாடா அறுத்த புண் என்று விட்டுவிட்டார். ஐந்து நாளாக ஊசி போட்ட ஆள் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

அதுதான் ஸ்க்ரப் டைபஸ். தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். நாய் மேல் இருக்கிற பெரிய உண்ணி அல்ல இது. புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத செந்நிறச் சிற்றுயிரின் குஞ்சு. துணி இறுக்கும் இடமாகப் பார்த்து, அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், கடிக்கும். கடித்தது தெரியாது. ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல். கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. பின்பாதி ஜப்பானியச் சொல், தீங்கு செய்யும் பூச்சி என்று பொருள் சொல்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா காடுகளில் இருந்த சிப்பாய்களை இது படாத பாடு படுத்தியது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது.

இதில் முக்கியமான விஷயம் மருந்து. அமாக்சிசிலின், செஃபிக்ஸைம் போன்று நாம் அடிக்கடி பெயர் கேட்கும் ஆன்டிபயாடிக்குகள் இந்தக் கிருமியிடம் செல்லாது. டாக்ஸிசைக்ளின் செல்லும். அது விலை மலிவான, பழைய மாத்திரை. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பதுண்டு. நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிடும். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று இறங்கி, வென்டிலேட்டர் வரை கொண்டுபோகும். பெரியம்மா ஐ.சி.யூ.வில் நான்கு நாள் இருந்து பிழைத்து வந்தார். அந்தச் செலவுக்கு இரண்டு மாடு விற்றோம்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இந்த நோயில் உலகம் கவனிக்கும் ஆராய்ச்சிகளைச் செய்திருக்கிறது. கடுமையான ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ரத்தக் குழாய் வழியாகக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று, இந்திய மருத்துவமனைகளில் சுமார் 800 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2023ல் வெளியானது. 2025ல் வெளியான இன்னொரு ஆய்வில் தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் 32,000க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆண்டுக்கு நூறு பேரில் பத்துப் பேர் வரை இந்தக் கிருமி தொற்றுவது தெரிந்தது. பலருக்குக் காய்ச்சலே வராமல் போய்விடுகிறது, வந்தவர்களில் சிலருக்குத்தான் முற்றுகிறது. அந்தச் சிலர் யார் என்பது முன்கூட்டித் தெரியாது.

மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்கள், ஐப்பசியிலிருந்து மாசி வரை, இதன் சீசன். அந்த மாதங்களில் மூன்று நாள் தாண்டிய காய்ச்சல் யாருக்கு வந்தாலும் கூச்சப்படாமல் உடம்பு முழுவதும் தேடச் சொல்லுங்கள். பெண்களுக்கு அம்மாவோ அக்காவோ பார்க்கட்டும். பக்கு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, பலருக்குப் பக்கு வருவதே இல்லை. ரத்தப் பரிசோதனையும் முதல் சில நாளில் நெகட்டிவ் காட்டலாம். அதனால்தான் சந்தேகம் இருந்தாலே டாக்டர்கள் டாக்ஸிசைக்ளினைத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்காக நாமே மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. காட்டிலிருந்து வந்ததும் துணியைக் கழற்றித் துவைக்கப் போட்டு, தேய்த்துக் குளித்தால் ஒட்டிய பூச்சி பெரும்பாலும் போய்விடும். புல்லில் உட்காரும்போது ஒரு ஜமுக்காளம் விரித்துக்கொள்ளலாம்.

காய்ச்சல் விட்ட நாள்

டெங்கு இதற்கு நேர் எதிர். உண்ணிக் காய்ச்சல் விடாமல் படுத்தும், டெங்கு விட்ட பிறகு படுத்தும்! மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு இறங்கும். "அப்பாடா, விட்டுடுச்சு" என்று வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போவார்கள். அந்த ஒன்றிரண்டு நாளில்தான் சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் சரிகிறது. தெர்மாமீட்டர் 98.4 காட்டும், ஆனால் வயிறு வலிக்கும், வாந்தி நிற்காது, கைகால் சில்லிடும், ஈறில் ரத்தம் வரும், மலம் கறுப்பாகப் போகும், ஆள் ஒன்று பரபரப்பான் அல்லது தூங்கி வழிவான். இதில் ஒன்று வந்தாலும் ஆஸ்பத்திரிதான். டெங்கு நம் பக்கத்துக்குப் புதிதல்ல, 1960களிலேயே வேலூரில் இந்த வைரஸைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். 2012லும் 2017லும் தமிழகமே அலறியது. அப்போது அரசே நிலவேம்புக் குடிநீர் வழங்கியது. குடிக்க விரும்புவோர் குடிக்கட்டும், ஆனால் நிலவேம்பு குடிக்கிறோம் என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். என்.எஸ்.1 சோதனை முதல் ஐந்து நாளுக்குள் எடுத்தால்தான் பயன்.

டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் ஆசிட் எதுவும் வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டும். இங்கேதான் ஊசி மோகம் வினையாகிறது. இடுப்பில் போடும் "காய்ச்சல் ஊசி" பல சமயம் டைக்ளோஃபெனாக்தான். நாளைக்கு செமஸ்டர், இன்றைக்கே எழுந்து உட்கார வேண்டும் என்று நாமே கேட்டு வாங்குகிறோம். "ஊசி வேண்டாம், மாத்திரை போதும்" என்று ஒரு டாக்டர் சொன்னால் அவர் நல்ல டாக்டர் என்பது என் கட்சி.

டைபாய்டு பற்றிச் சுருக்கமாக. இரண்டாம் நாளே வைடால் டெஸ்ட் எடுத்து "டைபாய்டு பாசிட்டிவ்" என்று சீட்டு கொடுக்கும் லேப்கள் உண்டு. அந்தச் சோதனையை மட்டும் வைத்து, அதுவும் அவ்வளவு சீக்கிரம், முடிவு சொல்ல முடியாது. ரத்தத்தைக் கல்ச்சர் செய்து பார்ப்பதே நம்பகமானது. வெளிமாநில வேலைக்குப் போய்த் திரும்பியவருக்கு விட்டு விட்டுக் குளிர் காய்ச்சல் வந்தால் மலேரியாவுக்கு ரத்தம் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இலவசம்.

எப்போது கிளம்ப வேண்டும்

வேறு தொந்தரவு இல்லாத காய்ச்சல் என்றால் இரண்டு நாள் வீட்டிலேயே பார்க்கலாம், மூன்றாம் நாள் டாக்டர். இது டவுன் கணக்கு. மலைமேல் இருப்பவர்கள் இரண்டாம் நாள் மாலையே முடிவு செய்துவிட வேண்டும், ஏனென்றால் மூன்றாம் நாள் ராத்திரி நிலைமை முற்றினால் பஸ் கிடையாது. 2023 மே மாதம் அணைக்கட்டு பக்கத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சரியான சாலை இல்லாமல் ஆஸ்பத்திரி சேர்வதற்குள் இறந்துபோனது நினைவிருக்கலாம். அது காய்ச்சல் அல்ல. ஆனால் பாம்பு நேரம் கொடுப்பதில்லை, காய்ச்சல் இரண்டு நாள் நேரம் கொடுக்கிறது.

நாளை எண்ணாமல் உடனே கிளம்ப வேண்டியவையும் உண்டு. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச மூச்சு போதவில்லை. பேச்சு உளறுகிறது, எழுப்பினால் எழவில்லை. கழுத்து விறைத்து முகவாயை மார்பில் தொட முடியவில்லை. வலிப்பு. கண் மஞ்சள். தோலில் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள். குடித்ததெல்லாம் வாந்தி. இவற்றோடு கர்ப்பிணிக்கு எந்தக் காய்ச்சல் வந்தாலும், சர்க்கரை நோயாளிக்கும், வயதான தாத்தா ஆயாவுக்கும், நாள் கணக்குப் பார்க்காமல் காட்டிவிட வேண்டும். வயதானவர்களுக்கு உடம்பு அவ்வளவாகச் சுடாமலே நோய் முற்றும்.

சின்னக் குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுப்பார்கள், வாயில் ஸ்பூன் திணிப்பார்கள். சாவியால் கெடுதல் இல்லை, பயனும் இல்லை. ஸ்பூன் பல்லை உடைக்கும், மூச்சை அடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. நின்றுவிட்டாலும் முதல் தடவை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கம்

காய்ச்சல் தொடங்கிய தேதியை எழுதி அதை முதல் நாள் என்று போடுங்கள். கீழே நேரம், ரீடிங், எடுத்த இடம், போட்ட மாத்திரை, சிறுநீர் போன நேரம், வேறு என்ன தொந்தரவு என்று ஆறு கட்டம். காலை, மதியம், மாலை, படுக்கும் முன் என நான்கு ரீடிங் போதும். ஹாஸ்டலில் காய்ச்சல்காரன் அறையில் ராத்திரி ஒருவர் கூடப் படுத்து, ஒரு தடவையாவது எழுப்பிப் பேச்சுக் கொடுத்துத் தண்ணீர் தர வேண்டும். தூங்குகிறானா, மயங்கிக் கிடக்கிறானா என்பது கதவுக்கு வெளியே நின்று பார்த்தால் தெரியாது.

டாக்டரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அவர் கேட்காவிட்டாலும் இவற்றைச் சொல்லுங்கள்: கடந்த மூன்று வாரத்தில் காடு, கழனி, வெளியூர் எங்கே போனீர்கள், வீட்டில் வேறு யாருக்குக் காய்ச்சல், இதற்கு முன் யார் என்ன ஊசி போட்டார்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. போட்ட மாத்திரை அட்டைகளைத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டு போங்கள்.

108ஐக் கூப்பிடும்போது நம் பக்கத்தில் தெருப் பெயர், கதவு எண் சொல்லிப் பயனில்லை. ஊர் பெயர், எந்த ரோட்டிலிருந்து பிரிய வேண்டும், பக்கத்தில் பள்ளிக்கூடமா, தண்ணீர்த் தொட்டியா, கோயிலா என்று சொல்லுங்கள். மலைமேல் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, எந்த மேட்டில் ஏறினால் கிடைக்கும் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வண்டி வருகிறது என்றதும் ஒருவர் பிரிவு ரோட்டுக்கு ஓடிப் போய் நிற்கட்டும். இரவானால் டார்ச்சை எடுத்துக்கொண்டு போகட்டும்.